முத்தகமும் குளகமும்: கிறித்தவ இளைஞரின் மறைநூல் மனனம் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மறைநூற் பகுதிகளை இளமையிலேயே நெஞ்சில் பதித்துக்கொள்ளுமாறு ஊக்குவித்தல் தமிழ்க் கிறித்தவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். ஞாயிறு பள்ளிகளில் வாரந்தோறும் ஒரு மனப்பாட வசனம் கற்பிக்கப்படுகிறது. விடுமுறைக் காலப் பள்ளிகளில் வசனங்களை ஒப்புவிக்கும் போட்டிகள் நடைபெறுகின்றன. புத்தாண்டு வழிபாட்டில் வாக்குத்தத்த வசனம் எழுதிய அட்டை இளைஞர் கையில் தரப்படுகிறது. இவ்வழக்கத்தின் சமயப் பயனை ஆராய்தல் இறையியலார்க்குரிய பணி. இலக்கிய மாணவர்க்கு இதன்கண் உரிய வினா வேறொன்று உண்டு. மனனத்திற்குரிய அலகு எது என்பதே அவ்வினா. ஒரு நூலை மனத்தில் இருத்துவோன் அதனை எவ்வளவு துண்டாக்கலாம்? எவ்விடத்தில் துண்டித்தால் பொருள் நிற்கும்? எவ்விடத்தில் துண்டித்தால் பொருள் திரியும்?

இவ்வினாவிற்குத் தமிழ் அணியிலக்கணமும் நன்னூலின் பொதுப்பாயிரமும் விடை தருகின்றன என்பதும், அவ்விடையைக் கைக்கொண்டால் இளைஞரின் மனனம் வேதபாடப் பயிற்சியோடு ஒன்றுபடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. இரு வகை மனன மரபு

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், வில்லியனூர்க்கு மேற்கே அமைந்த திருவாண்டார்கோயில், தேவாரத்தில் வடுகூர் என வழங்கும் தலமாகும். திருஞானசம்பந்தர் இவ்வூர்மேல் பாடிய பதிகம் முதல் திருமுறையில் உள்ளது. ஓதுவார் மரபில் இத்தகைய பதிகங்கள் ஏட்டை நோக்காமல் பண்ணோடு ஓதப்பட்டு வந்தன. சம்பந்தர் பதிகங்கள் பலவற்றின் இறுதிப்பாட்டாகிய திருக்கடைக்காப்பு, அப்பதிகத்தில் வல்லவராயினார் பெறும் பயனைக் கூறி முடியும். ஈண்டு வல்லவராதல் என்பது ஓரிரு அடிகளை நினைவிற் கொள்ளுதல் அன்று. பதிகம் முழுவதையும் தன்வயமாக்கிக் கொள்ளுதலாகும். ஆகவே தேவார மரபில் மனனத்தின் அலகு பதிகமே. பாட்டைத் தனித்தெடுத்து மேற்கோள் காட்டுதல் உண்டு. பயிற்சி பெறுதலோ பதிகமாகவே நிகழ்ந்தது.

அச்சாலையிலேயே வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து அன்னையின் திருத்தலமும் ஓரூரில் நிற்கின்றன. புதுவை வட்டாரத்துக் கத்தோலிக்க இல்லங்களில் பண்டு மனனத்திற்குரியனவாய் இருந்தவை செபங்களும் ஞானோபதேச வினாவிடைகளும் ஆகும். மனனம் செய்த செபத்தை ‘மந்திரம்’ என்றே மக்கள் வழங்கினர். விவிலிய வாசகங்களைத் தனித்தனியே எண்ணிட்டு மனனம் செய்யும் பழக்கம் சீர்திருத்தத் திருச்சபையினரிடமே மிகுதியாக இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, மறைநூலைப் பயிலுமாறு பொதுநிலையினர் அனைவரையும் வற்புறுத்திய பின், கத்தோலிக்க இளைஞரிடையேயும் விவிலியப் பயிற்சி பெருகியது. 1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், ஒரே தமிழ் வாசகத்தை இரு சாராரும் பயிலும் வாய்ப்பு உண்டாயிற்று. எனவே மனனத்தின் அலகு யாது என்னும் வினா இன்று ஒரு திருச்சபைக்கு மட்டும் உரியதன்று.

3. வசனம் என்னும் சொல்

‘வசனம்’ என்னும் சொல்லே இவ்வாய்வுக்கு நல்ல வாயிலாகும். தமிழ் இலக்கிய வரலாற்றில் வசனம் என்பது செய்யுளின் மறுதலையாகிய உரைநடையைக் குறிக்கும். கிறித்தவ இளைஞரிடம் கேட்டால், வசனம் என்பது எண்ணிட்ட ஒரு சிறு கூறு என்பர். நடையின் பெயர் அளவின் பெயராயிற்று. தொடர்ந்து செல்லுவதற்கென அமைந்த உரைநடை, செய்யுளைப்போல் எண்ணி நிறுத்தத்தக்க கூறுகளாக எண்ணப்பட்டது என்பதை இச்சொல் வரலாறு காட்டும்.

செய்யுளே மனனத்திற்குரியது, உரைநடை கண்ணால் படித்தற்குரியது என்பர் சிலர். அது முற்றும் பொருந்தாது. இறையனார் களவியலுரை நக்கீரர் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாகப் பதின்மர் வாயிலாக வாய்மொழியாகக் கைமாறி வந்தது என அவ்வுரையே கூறுகிறது. அவ்வுரைநடையில் எதுகை மோனை பயின்று ஓசை அமைந்து நிற்றலை அதனைப் பயின்றோர் அறிவர். ஓசையும் ஒழுங்கும் உடைய உரைநடையை மனத்தில் இருத்தலாம் என்பதற்கு இது தமிழ் மரபிலேயே உள்ள சான்று.

தமிழ் விவிலியத்தின் உரைநடையும் செவிக்கென அமைந்ததே. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறியது. பின்னர்ப் பபிரிசியசும் இரேனியசும் இத்துறையில் உழைத்தனர். பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. ஹென்றி பவரும் அவர் குழுவினரும் செய்த மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றளவும் பெரிதும் வழங்குகிறது. இம்மொழிபெயர்ப்புகள் எழுத்தறியாத சபையார் முன் உரக்க வாசிக்கப்பட்டவை. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் நூலில் தொடரின் நீளமும் நிறுத்தமும் மூச்சுக்கு இயைய அமைதல் வேண்டும். தமிழ்க் கிறித்தவ இளைஞர் பல தலைமுறையாக உரைநடையை எளிதில் மனனம் செய்து வந்தமைக்கு இவ்வோசையமைதி ஒரு காரணம் எனலாம்.

4. எண்ணும் தொடரும்

விவிலியத்தின் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசுடீபன் இலாங்டன் என்பாரால் அமைக்கப்பட்டதாகக் கூறுவர். புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்கள், பாரிசு நகரத்து அச்சாளராகிய இராபர்ட்டு எசுதியேன் 1551இல் பதிப்பித்த நூலில் முதன்முதல் இடம்பெற்றன. இடத்தைச் சுட்டிக் காட்டுதற்கு இவ்வெண்கள் பெரிதும் உதவுகின்றன. ஆயினும் அவை நூலாசிரியர் இட்டவையல்ல. மூலத்தின் தொடரமைப்பை எங்கும் பின்பற்றுவனவும் அல்ல.

தமிழில் இவ்வெண்ணால் ஒரு தனிச் சிக்கல் எழுந்தது. தமிழ்த் தொடரில் எச்சங்கள் முன்வர, முற்று இறுதியில் நிற்கும். எபிரேயமும் கிரேக்கமும் தலைமைக் கருத்தை முன்னே நிறுத்தி, விளக்கங்களைப் பின்னே தொடுத்துச் செல்லும் ஆற்றல் உடையன. ஆகவே மூலத்தில் முதல் வசனத்தின் தலைச்சொல்லாக நிற்பது, தமிழில் இரண்டாம் வசனத்தின் இறுதிச் சொல்லாக வந்து முடிதல் கூடும்.

முதலாம் சங்கீதம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எபிரேயத்தில் அச்சங்கீதம் பேறு பெற்றோன் என்னும் பொருளுடைய சொல்லோடு தொடங்குகிறது. அதன்பின் அவன் செய்யாதன மூன்றும், செய்வனவும் வருகின்றன. பவர் மொழிபெயர்ப்பில் முதல் வசனம் முழுவதும் எதிர்மறை எச்சங்களால் ஆகியது. தீயோர் கருத்தின்படி ஒழுகாமையும், அவர் வழியில் நில்லாமையும், இகழ்வாரோடு ஒருங்கிராமையும் சொல்லப்பட்டு வசனம் முற்றுப்பெறாமல் நிற்கிறது. மறையில் மகிழ்ந்து அதனையே அல்லும் பகலும் எண்ணுதல் இரண்டாம் வசனத்தில் கூறப்பட்டு, அதன் இறுதியிலேயே இத்தகையோன் பேறுடையோன் என்னும் முடிபு வருகிறது. முதல் வசனத்தை மட்டும் ஒப்புவிக்கும் சிறுவன், செய்யலாகாதனவற்றை அறிகிறான். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அறியான்.

எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரையுள்ள பன்னிரண்டு வசனங்களும் கிரேக்கத்தில் ஒரே தொடர். தமிழில் இதனை ஒரே தொடராக்கினால் செவி தாங்காது. எனவே மொழிபெயர்ப்பாளர் இதனைப் பல முற்றுகளாகப் பகுத்தனர். அவ்வாறு பகுத்த பின்னும் நான்காம் வசனம் ஐந்தாம் வசனத்தின் வினைமுற்றை நாடியே நிற்கிறது. எண் முடிந்த இடத்தில் பொருள் முடியவில்லை.

5. தண்டியலங்காரம் தரும் அளவுகோல்

இந்நிலையை விளக்கத் தமிழில் ஆயத்தமான சொற்கள் உள்ளன. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கும். தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். பல செய்யுட்கள் ஒரு வினையைக் கொண்டு முடிவது குளகம். பல செய்யுட்களின் தொகுதி தொகைநிலை. பொருளாலோ சொல்லாலோ தொடர்ந்து செல்வது தொடர்நிலை. இப்பகுப்பு செய்யுளுக்கென வகுக்கப்பட்டதாயினும், எண்ணிட்ட உரைநடைக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம்.

விவிலியம் முழுமையும் ஒரு பெருந்தொகை. சீர்திருத்தத் திருச்சபையார் கொள்ளும் 66 நூல்களும், கத்தோலிக்கர் கொள்ளும் 73 நூல்களும் பல காலத்தன, பல வகையின. நீதிமொழிகள் நூலின் பத்தாம் அதிகாரம் முதலாக வரும் மொழிகளிற் பெரும்பாலன முத்தகங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கூறாய் நின்று, ஒன்றையொன்று தழுவியோ மறுத்தோ பொருள் முடிக்கும். இவற்றைக் குறட்பாவைப் போலத் தனித்தனியே மனனம் செய்தல் தகும். முதலாம் சங்கீதத்தின் முதலிரு வசனங்களும், எபேசியர் நிருபத்து மேற்காட்டிய பகுதியும் குளகங்கள். உரூத்து நூலும் நற்செய்தி வரலாறுகளும் பொருள் தொடர்நிலைகள்.

சொல் தொடர்நிலையாகிய அந்தாதிக்கு நிகரானவும் விவிலியத்தில் உள்ளன. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் ஒரு தொடரின் இறுதியில் நின்ற உயிர், ஒளி, இருள் என்னும் கருத்துகள் அடுத்த தொடரின் முதலாய் வந்து சங்கிலிபோற் பிணைந்து செல்கின்றன. உரோமர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் துன்பத்திலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து தேர்ச்சியும், தேர்ச்சியிலிருந்து நம்பிக்கையும் பிறத்தல் படிப்படியாகக் கூறப்படுகிறது. அந்தாதிப் பயிற்சி உடைய தமிழ்ச் செவிக்கு இவை மிக எளியவை. ஒரு படியை நினைத்தால் மறுபடி தானே வரும். அத்தகைய பகுதியிலிருந்து ஒரு கண்ணியைப் பிரித்தெடுத்து அதனைத் தனி வசனமாகக் கற்பித்தல், மனனத்திற்கு ஆசிரியரே அமைத்த துணையை அகற்றிவிட்டு மாணவனைத் துன்புறுத்துதலாகும்.

மூலத்தில் மனனத்திற்கென அமைந்த வேறு உத்திகளும் உண்டு. 119ஆம் சங்கீதம் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களையும் முறையே முதலாகக் கொண்டு, எழுத்துக்கு எட்டாக 176 வசனங்களால் அமைந்தது. ஔவையாரின் ஆத்திசூடியைப் பயின்ற தமிழர்க்கு இவ்வுத்தியின் நோக்கம் விளக்காமலே விளங்கும். மொழிபெயர்ப்பில் எழுத்து முறை மறைந்துவிட்டது. ஆயின் எபிரேயக் கவிதையின் உயிர்நாடியாகிய இணைநிலை, அதாவது ஒரு கருத்தை இரண்டு கூறாகச் சொல்லும் அமைப்பு, மறையவில்லை. இவ்விணைநிலையை இராபர்ட்டு இலவுத்து என்னும் அறிஞர் 1753இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் விரிவாக ஆராய்ந்தார். அது ஓசையைச் சாராமல் பொருளைச் சார்ந்ததாதலின் எம்மொழியிலும் நிலைபெறும். சங்கீதங்களைத் தமிழ் இளைஞர் எளிதில் மனனம் செய்தற்கும், நிருபங்களின் தருக்கப் பகுதிகளில் இடர்ப்படுதற்கும் இதுவே காரணம் எனத் தோன்றுகிறது.

எனவே நாம் காணும் குறை மனனத்தில் இல்லை. குளகத்தையும் தொடர்நிலையையும் முத்தகமாகக் கொண்டு கற்பித்தலிலேயே அக்குறை உள்ளது.

6. துண்டித்தலால் விளையும் திரிபு

இக்குறை இலக்கிய நயத்தைச் சார்ந்தது மட்டுமன்று. இளைஞரின் வாழ்வைத் தொடுவதுமாகும். இரு சான்றுகள் காண்போம்.

எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்துப் பதினோராம் வசனம் வாக்குத்தத்த அட்டைகளில் மிகுதியாக இடம்பெறுவது. தம் மக்களுக்கு இறைவன் எண்ணியிருப்பது தீமையன்று, நன்மையே என்பது அதன் கருத்து. தேர்வு எழுதச் செல்லும் மாணவனுக்கும், வேலை தேடும் இளைஞனுக்கும் அது ஆறுதல் தருகிறது. ஆயின் அவ்வசனம் ஒரு கடிதத்தின் பகுதி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோர்க்கு எரேமியா எழுதிய அக்கடிதம், அங்கேயே வீடு கட்டுக, தோட்டம் இடுக, மணம் செய்துகொள்க, அந்நகரின் நலம் வேண்டி மன்றாடுக என்று தொடங்குகிறது. பத்தாம் வசனமோ எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே மீட்சி என்று கூறுகிறது. கடிதத்தைக் கேட்டோருள் முதியோர் அம்மீட்சியைக் காணப்போவதில்லை. இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்பான் இரண்டே ஆண்டில் எல்லாம் சீராகும் என்று கூறி மக்களை மகிழ்விக்கிறான். எரேமியா அவனைப் பொய்யன் என மறுக்கிறார். பதினோராம் வசனத்தை மட்டும் மனனம் செய்து, இவ்வாண்டே எல்லாம் கைகூடும் எனக் கருதும் இளைஞன், எரேமியாவின் சொல்லைக் கொண்டு அனனியாவின் கருத்தைப் போற்றுகிறான். எண்ணியது கைகூடாதபோது, வசனம் பொய்த்தது என்று வருந்துகிறான். பொய்த்தது வசனமன்று, அதனைத் துண்டித்த முறையே.

பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்துப் பதின்மூன்றாம் வசனமும் இத்தகையதே. கிறித்து தரும் வலிமையால் எல்லாம் செய்யக்கூடும் என்பது அதன் பொருள். ‘எல்லாம்’ என்பது பொதுச்சொல்; அதன் எல்லையை முன்னுள்ள தொடரே வரையறுக்கும். முன்னிரு வசனங்களில் பவுல், நிறைவிலும் குறைவிலும், உணவு உள்ளபோதும் பசித்தபோதும், மனம் அமைந்திருக்கக் கற்றுக்கொண்டதாகக் கூறுகிறார். அவர் இந்நிருபத்தை எழுதியது சிறையிலிருந்து. எனவே ஈண்டு எல்லாம் என்பது வெற்றிகள் அனைத்தையும் குறியாது. எந்நிலையிலும் தாங்கும் ஆற்றலையே குறிக்கும். தனி வசனமாக எடுத்தவுடன் தாங்கும் ஆற்றல் வெல்லும் ஆற்றலாக மாறிவிடுகிறது.

உரோமர் நிருபத்தின் எட்டாம், பன்னிரண்டாம் அதிகாரங்கள் இரண்டும் முற்கூறியதைத் தழுவும் இணைப்புச் சொற்களோடு தொடங்குகின்றன. ஒப்புவிக்கும்போது அச்சொல் சுமையெனக் கருதி விடப்படுதல் உண்டு. விடப்பட்ட அச்சொல்லே முன்னுள்ள அதிகாரங்களுக்குச் செல்லும் வாயிற்கதவு என்பதை ஆசிரியர் உணர்த்துதல் வேண்டும்.

மறைநூலே இதற்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், இயேசுவைச் சோதிக்க வந்தவன் 91ஆம் சங்கீதத்தின் பதினோராம், பன்னிரண்டாம் வசனங்களை எடுத்துக் கூறுகிறான். அவனும் மனனம் செய்தவனே. ஆயின் பதினோராம் வசனத்தில் ‘வழிகளிலெல்லாம்’ என்னும் கருத்துடைய பகுதியை அவன் விட்டுவிடுகிறான். தன் வழியிற் செல்வோனைக் காத்தல் வேறு. உப்பரிகையிலிருந்து வேண்டுமென்றே குதிப்பவனைக் காத்தல் வேறு. இயேசு மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்தின் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்தே விடை கூறுகிறார். அவ்வதிகாரங்கள் பாலைநிலத்தில் பசியோடு அலைந்த மக்களைப் பற்றியவை. அவரும் பாலைநிலத்தில் பசியோடு இருக்கிறார். இடமும் பொருளும் அறிந்த மனனம், இடம் நீங்கிய மனனத்தை வெல்லுவதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. மனனத்தை இகழ்வோர்க்கும், மனனம் ஒன்றே போதும் என்போர்க்கும் இஃது ஒருங்கே விடையாகும்.

7. நன்னூல் கூறும் முறை

இனி, மனனத்தைப் பயிற்சியோடு இணைக்கும் வழியை நோக்குவாம். சமண முனிவராகிய பவணந்தியார் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்போன் மேற்கொள்ளும் செயல்களை வரிசைப்படுத்துகிறார். உலக வழக்கும் நூல் வழக்கும் அறிதல், பாடத்தை மறவாது காத்தல், கேட்டதை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அடுத்து மறுபடியும் கேட்டல், உடன் பயில்வாரோடு கலந்து பயிலுதல், ஐயங்களை வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடை தருதல் என்பன அவை. பாடத்தைக் காத்தலாகிய மனனம் இவ்வரிசையில் இடம்பெறுகிறது. ஆயின் வரிசையின் முடிவாக அன்று. தொடக்கத்தை ஒட்டியே நிற்கிறது. நம் போட்டிகள் பல அதனை முடிவாக்கிப் பரிசளித்து விடுகின்றன.

பவணந்தியார் அறிவு நிரம்பும் அளவையும் கணக்கிடுகிறார். ஆசிரியர் கூறியதை நன்கு கொண்டாலும் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு வரும். இதனை வேதபாடக் குழுவிற்குப் பொருத்திப் பார்த்தல் தகும். போதகர் பேச இளைஞர் கேட்டுச் செல்லும் குழு, காற்பங்கோடு நின்றுவிடுகிறது. இளைஞர் தம்முள் வினாவி விடை காணும் குழு அரைப்பங்கு பெறுகிறது. கற்ற இளைஞன் தன் தம்பி தங்கையர்க்கோ, எழுத்தறியாத முதியோர்க்கோ அதனை விளக்கும்போதுதான் அறிவு முழுமை பெறுகிறது.

இவ்வுண்மைக்குத் தமிழ்க் கிறித்தவத்தின் தொடக்க வரலாறே சான்று பகரும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், மூலச் செபங்களைத் தமிழறிந்தார் துணைகொண்டு மொழிபெயர்த்துத் தாமும் மனனம் செய்துகொண்டார். கையில் மணியை ஒலித்துத் தெருக்களிற் சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர்க்குக் கற்பித்தவற்றைத் தம் இல்லத்தார்க்கும் அயலார்க்கும் கற்பிக்குமாறு பணித்தார். இச்செய்திகளை அவரே தம் கடிதத்தில் எழுதியுள்ளார். பிறர்க்கு உரைத்தலால் அறிவு நிரம்பும் என்னும் நன்னூற் கொள்கை ஈண்டுச் செயலாதலைக் காண்கிறோம்.

ஆயினும் அவ்வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. சவேரியார் தமிழை முறையாகக் கற்றவரல்லர். பின்னர் வந்து தமிழை ஆழ்ந்து பயின்ற அண்டிரிக் அடிகளார், பழைய மொழிபெயர்ப்பில் இருந்த பிழைகளைக் கண்டு திருத்தினார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் அவ்வடிகளாரின் தமிழ்ப் பயிற்சியின் பயனே. ஏட்டில் புகுந்த பிழையை எழுத்தாணியால் திருத்தலாம். நெஞ்சில் பதிந்த பிழையைக் களைதல் அரிது. ஆதலின் மனனத்திற்குமுன் சொற்பொருள் விளக்கம் இன்றியமையாதது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் கிருபை, இரட்சிப்பு, நீதிமான் போன்ற சொற்களை இன்றைய மாணவர் பலர் ஒலியாகவே அறிவர். அவற்றை அருள், மீட்பு முதலிய 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் சொற்களோடு ஒப்பிட்டுக் காட்டுதல் நல்ல வேதபாடமும் ஆகும். நல்ல தமிழ்ப் பாடமும் ஆகும்.

8. தடையும் விடையும்

பொருள் அறியாத மனனம் கிளிப்பேச்சு. ஆதலின் பொருளை மட்டும் கற்பித்தால் போதும் என்று சிலர் தடை நிகழ்த்துவர். இத்தடை ஒரு பாதியே உண்மை. மாணிக்கவாசகர் சிவபுராணத்தின் இறுதியில், பாட்டின் பொருளை உணர்ந்து சொல்லுவார்க்கே பேற்றைக் கூறுகிறார். பொருளுணர்வு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அங்கும் உணர்தலோடு சொல்லுதலும் வேண்டப்படுகிறது. முன்னர்க் காட்டிய முதலாம் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்தில் தியானித்தல் எனத் தமிழில் வழங்கும் எபிரேய வினைச்சொல், மெல்லிய குரலில் முணுமுணுத்து ஓதுதலையும் குறிக்கும். ஓதுதலும் எண்ணுதலும் அம்மொழியில் ஒரே சொல்லாய் நின்றன. தமிழில் தியானம் என்றவுடன் வாய்மூடிய நிலையையே நினைக்கிறோம். ஓசையும் பொருளும் பிரிந்தது நம் மொழிபெயர்ப்பிலே; மூலத்தில் அன்று.

மேலும், மனத்தில் இல்லாத பகுதியின் பொருள் நாளடைவில் மறையும். மனத்தில் உள்ள பகுதியோ, இன்று விளங்காவிடினும், வாழ்வின் பின்னொரு நாளில் விளங்குதல் கூடும். இளமையில் கற்ற குறட்பா நடுவயதில் பொருள் தருதலைத் தமிழர் அறிவர். எனவே பொருள் முழுதும் விளங்கும்வரை மனனத்தை நிறுத்திவைத்தல் வேண்டா. பொருளை நாடும் வழி அடைபடாதவாறு மனனம் செய்தலே வேண்டுவது.

முழுப் பகுதியை மனனம் செய்தல் இளைஞர்க்குச் சுமையாகும் என்பது மற்றொரு தடை. 23ஆம் சங்கீதம் ஆறு வசனங்களே உடையது. முதலாம் சங்கீதமும் ஆறே. 117ஆம் சங்கீதம் இரண்டே. முதலாம் சங்கீதத்தில் மூன்று வசனங்கள் நல்லோனையும், இரண்டு தீயோரையும், இறுதி ஒன்று இருவர் வழியையும் கூறும் ஒழுங்கைக் காட்டிவிட்டால், அவ்வாறும் தாமே நினைவில் நிற்கும். நீரோரத்து மரத்தைக் கூறும் மூன்றாம் வசனத்தை மட்டும் கற்றோன், அதற்கு முன்னுள்ள ஒழுக்கத்தை விட்டுப் பயனை மட்டும் கொள்கிறான். நூறு தனி வசனங்களை ஒப்புவிப்போனைக் காட்டிலும், பத்துப் பகுதிகளை முதலும் முடிவும் அறிந்து ஒப்புவிப்போன் பெற்றது மிகுதி. சங்கீதங்கள் சிலவற்றைப் பதிகம்போல் முழுதாக ஓதுவிக்கும் பயிற்சிக்குத் திருவாண்டார்கோயில் முதலிய தலங்களின் ஓதுவார் மரபு அண்மையிலேயே எடுத்துக்காட்டாக நிற்கிறது.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தமிழ் விவிலியத்தின் உரைநடை மனனத்திற்கு ஏற்ற ஓசையும் ஒழுங்கும் உடையது. வசன எண் இடஞ்சுட்டும் கருவியே, பொருளின் எல்லையன்று. முத்தகமாக நிற்பதைத் தனியே மனனம் செய்யலாம்; குளகமாக நிற்பதை அதன் முற்று வரையிலும், தொடர்நிலையாகச் செல்வதை அதன் நிகழ்ச்சியோடும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். நெஞ்சிற் கொண்டதை உடன் பயில்வாரோடு ஆராய்ந்து பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே அது கல்வியாகிறது.

இவற்றைச் செயற்படுத்தப் பெரும்பொருள் வேண்டா. ஞாயிறு பள்ளி ஆசிரியர் வாரத்தின் வசனத்தைத் தேர்ந்தெடுக்குமுன், இது முத்தகமா குளகமா என்று ஒருமுறை வினாவிக்கொண்டால் போதும். குளகமாயின், மாணவரைக் கொண்டே அதன் முற்றைத் தேடச் செய்தல் வேண்டும். அத்தேடலிலேயே வேதபாடம் தொடங்கிவிடும்.